ஒரு குழாயும் 44 குடும்பங்களும்

பெய்ஜிங் பழைய நகரத்தில் ஜூஅர் என்றொரு சந்து. அங்கே 41-ஆம் எண் முற்றத்தில் 1980-களில் 44 குடும்பங்கள் நெருக்கியடித்துக் குடியிருந்தன. எல்லாருக்கும் ஒரே தண்ணீர்க் குழாய். கழிப்பறைக்கு வெளியே நடக்க வேண்டும். தாழ்வான நிலம் என்பதால் மழை பெய்தால் தண்ணீர் தேங்கிவிடும்.

எல்லாவற்றையும் இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டுவதுதான் அப்போது எளிதான வழி. சிங்ஹுவா பல்கலைக்கழகப் பேராசிரியர் வூ லியாங்யோங் அதற்கு ஒப்பவில்லை.

1922-இல் நான்ஜிங்கில் பிறந்தவர் வூ. 1946-இல் லியாங் சிச்செங் சிங்ஹுவாவில் கட்டடக்கலைத் துறையைத் தொடங்கியபோது, ஆசிரியராகக் கூடவே இருந்தார். பிறகு அமெரிக்காவில் கட்டடக் கலைஞர் எலியல் சாரினெனிடம் படித்தார். 1950-இல் நாடு திரும்பினார். அதே ஆண்டில்தான் லியாங்கும் நகரத் திட்டமிடுநர் சென் சான்சியாங்கும், பழைய நகரைக் காக்க அரசு அலுவலகங்களை அதற்கு மேற்கே கட்டுங்கள் என்று அரசிடம் மன்றாடினார்கள். அது எடுபடவில்லை. அடுத்த ஆண்டுகளில் நகரின் மதிற்சுவர்களும் விழுந்தன. அந்த இழப்பைக் கண்முன்னே பார்த்த தலைமுறை வூவினுடையது.

பெய்ஜிங்கின் சந்துகளுக்கு மங்கோலியப் பேரரசன் குப்லாய் கான் காலத்து வேர் உண்டு. 13-ஆம் நூற்றாண்டில் அவன் எழுப்பிய தாதூ நகரில், கிழக்கு மேற்காகச் சந்துகள் சீரான இடைவெளியில் ஓடின. இடையே நாற்புறமும் அறைகள் சூழ்ந்த முற்ற வீடுகள். முதன்மை அறை தெற்கு பார்த்திருக்கும், குளிர்காலத்தில் வெயில் விழும். சீன நகரமைப்பின் வரலாற்றை எழுதிய வூ, இதில் கூரையின் வளைவைத் தேடவில்லை. தெருவிலிருந்து சந்து, சந்திலிருந்து முற்றம், முற்றத்திலிருந்து வீடு என்ற அடுக்கைத்தான் பிடித்துக்கொண்டார். அவருடைய மிகப் பெரிய கண்டுபிடிப்பு இதுவே என்று தோன்றுகிறது.

1987-இல் ஜூஅர் சந்தில் வேலை தொடங்கியது. முற்றங்களைச் சுற்றி இரண்டு, மூன்று மாடி வீடுகள். ஒவ்வொன்றுக்கும் தனிச் சமையலறை, தனிக் கழிப்பறை. பழைய மரங்களை வெட்டாமல் அவற்றுக்கேற்ப முற்றங்களை வகுத்தார்கள். நகரம் ஓர் உயிருடல், நைந்த பகுதியை மட்டும் மாற்றினால் போதும் என்பது வூவின் வாதம். முதல் கட்டத்தின் 46 வீடுகள் 1990-இல் முடிந்தன. உலக வாழிட விருதும் வந்தது.

ஆனால் புதிய வீட்டுக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. பழைய குடும்பங்களில் பெரும்பாலானவை திரும்பி வரவில்லை. வூவின் வெற்றியைப் பேசும்போது இதை விட்டுவிடக் கூடாது. முற்றம் பிழைத்தது; அதில் வாழ்ந்தவர்களைத் தக்கவைக்கும் வழி வரைபடத்துக்குள் இல்லை, வீட்டு விலையில் இருந்தது.

1999-இல் இந்த அனுபவம் முழுவதையும் ஆங்கிலத்தில் ஒரு நூலாக்கினார் வூ. அதில் தாதூவின் தெருக்களும் ஜூஅர் சந்தின் வீட்டு வரைபடங்களும் ஒரே அட்டைக்குள் இருக்கின்றன.