குரல் உடைந்து கேட்டால் பதற வேண்டாம்

சென்ற மாரி காலத்தில் ஒரு நாள், எங்கள் மகளிர் நிலையத்துக்கு ஓர் அக்கா மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் ஒரு சிறிய பென் ட்ரைவ். அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. அவரே அதை விரும்பவில்லை.

அவருடைய கணவர் மத்திய கிழக்கில் வேலை செய்தவர். கடிதம் எழுதப் பஞ்சிப்பட்டு 2001இல் ஒரு கசெற்றில் பேசி அனுப்பியிருக்கிறார். பிறகு ஊர் திரும்பினார். 2009இல் காணாமற் போனவர்களில் அவரும் ஒருவர். படங்கள், உறுதிகள், நகை என்று எல்லாம் வழியில் போய்விட்டன. கசெற் மட்டும் வவுனியாவில் தங்கையின் அலுமாரியில் இருந்ததால் தப்பியது. அப்போது இரண்டு வயதாக இருந்த மகள் இன்று பல்கலைக்கழகம் போகக் காத்திருக்கிறாள். தகப்பனின் குரல் அவளுக்கு நினைவில் இல்லை.

வீட்டில் கசெற் போட்டுக் கேட்க ஒன்றும் இல்லாததால், பட்டணத்தில் ஒரு கடையில் கொடுத்துக் கணினியில் கேட்கும்படி மாற்றியிருக்கிறார்கள். மகள் முதன்முதலாகக் கேட்டபோது குரல் கரகரவென்று உடைந்து வந்திருக்கிறது.

“பிள்ளை, இது அவற்ற குரல் இல்லை. ஆரோ தகரப் பீப்பாவுக்குள்ள நிண்டு கதைக்கிற மாதிரிக் கிடக்கு. நான்தான் என்னவோ பிழையா அமத்திப்போட்டனோ தெரியாது” என்றார் அக்கா.

இந்தக் கடைசி வசனத்தை நான் பல பெண்களின் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். இயந்திரம் பழுதானால் ஆண்கள் இயந்திரத்தைக் குறை சொல்வார்கள். நாங்கள் எங்களையே குறை சொல்லிக்கொள்வோம். நான் படித்தது சமூகவியல், கணினி அல்ல. ஆனாலும் நிலையத்தின் பழைய கணினியோடு மல்லுக்கட்டிச் சிலவற்றைப் பழகியிருக்கிறேன். அன்று நாங்கள் மூவரும் செய்ததை அப்படியே சொல்கிறேன். உங்களுக்கும் ஒரு நாள் உதவலாம்.

எங்கே பிழை என்று முதலில் பிரித்துப் பாருங்கள்

ஒலி உடைவதற்கு மூன்று இடங்களில் காரணம் இருக்கலாம். ஒன்று ஸ்பீக்கரும் வயரும். இரண்டாவது, ஒலியைப் போடும் பிளேயர். மூன்றாவது, பதிவே பழுதாக இருப்பது. ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு வந்தால் காசு செலவில்லாமலே பிழையைக் கண்டுபிடிக்கலாம்.

ஸ்பீக்கர் வயரைக் கழற்றி, கணினியின் பச்சை நிறத் துவாரத்தில் இறுக்கமாகத் திரும்பச் செருகினோம். அரைகுறையாகச் செருகியிருந்தாலே இரைச்சல் வரும். பிறகு ஸ்பீக்கரை விட்டு ஹெட்போனில் கேட்டோம். ஹெட்போனில் தெளிவாகக் கேட்டால் குற்றம் ஸ்பீக்கரில். எங்களுக்கு ஹெட்போனிலும் உடைந்துதான் கேட்டது.

அடுத்ததாக, நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டைப் போட்டோம். அதுவும் சற்றுக் கரகரத்தது. ஆகவே பிளேயரிலும் ஏதோ பிழை.

பிளேயரில் பார்க்க வேண்டியவை

எங்கள் கணினியில் இருப்பது வீ.எல்.சீ. பிளேயர். செம்மஞ்சள் நிறக் கூம்பு அடையாளம் உள்ளது. பிரான்சில் 1996இல் மாணவர்கள் தொடங்கிய ஒரு வேலையிலிருந்து வளர்ந்தது; இலவசம்.

1. சத்தத்தின் அளவு: இதில் சத்தத்தை 100 சதவீதத்தையும் தாண்டி 125 வரை கூட்டலாம். இதுதான் பல வீடுகளில் நடக்கும் பிழை. கணினி ஒலியை எண்களாக அளந்து வைக்கிறது. சீடியின் தரத்தில் என்றால் ஒரு வினாடிக்கு 44,100 தடவை அளக்கும். ஒவ்வோர் அளவுக்கும் 65,536 படிகள் மட்டுமே உண்டு. நிறைந்த வாளிக்குள் மேலும் ஊற்றினால் வழிவது போல, கடைசிப் படிக்கு மேலே போகும் ஒலி வெட்டுப்பட்டுவிடும். அதுதான் கரகரப்பு. பிளேயரில் 100க்குக் கீழே வையுங்கள். சத்தம் போதாவிட்டால் ஸ்பீக்கரில் கூட்டுங்கள்.

2. ஈக்குவலைசர்: ‘டூல்ஸ்’ என்பதில் ‘எஃபெக்ட்ஸ் அண்ட் ஃபில்டர்ஸ்’ என்று இருக்கும். அங்கே ஈக்குவலைசருக்குச் சரி அடையாளம் இடப்பட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். எங்கள் கணினியில் யாரோ அதைப் போட்டு எல்லாவற்றையும் உச்சத்துக்கு ஏற்றி வைத்திருந்தார்கள்.

3. வேகம்: குரல் இழுபட்டோ விரைந்தோ கேட்டால் ‘பிளேபேக்’ என்பதில் ‘ஸ்பீட்’ பகுதிக்குப் போய் ‘நோர்மல்’ ஆக்குங்கள்.

4. விண்டோஸின் ஒலிப் பகுதியில் ‘என்ஹான்ஸ்மென்ற்ஸ்’ என்று ஒலியை மெருகூட்டும் வசதி உண்டு. சில கணினிகளில் அதுவே ஒலியைக் கெடுக்கும். நிறுத்திவிட்டுக் கேட்டுப் பாருங்கள்.

5. எதைத் தொட்டோம் என்று குழம்பிவிட்டால், ‘டூல்ஸ்’ என்பதில் ‘பிரிஃபரன்சஸ்’ போய் ‘றிசெற்’ அழுத்துங்கள். பிளேயர் பழைய நிலைக்கு வந்துவிடும். உங்கள் பாட்டோ பதிவோ அழியாது. ஆகவே பயப்படாமல் தொடலாம்.

முதல் இரண்டையும் செய்ததும் பாட்டு தெளிந்தது. அக்காவின் முகமும் தெளிந்தது. ஆனால் கணவரின் பதிவைப் போட்டபோது கரகரப்புக் கொஞ்சம் குறைந்ததே தவிரப் போகவில்லை.

பதிவே பழுதாக இருந்தால்

‘ஓடாசிற்றி’ என்ற இன்னோர் இலவச மென்பொருளில் அந்தப் பதிவைத் திறந்தோம். அது குரலை அலை அலையாகப் படம் காட்டும். நல்ல பதிவில் அலைகள் ஏறி இறங்கும். இதிலோ பூவரசம் வேலியின் தலையை ஒரே மட்டமாக வெட்டிவிட்டது போல மேலும் கீழும் தட்டையாக இருந்தது. பிரதி எடுத்தபோதே சத்தத்தை அளவுக்கு மீறிக் கூட்டியிருக்கிறார்கள். இப்படி வெட்டுப்பட்டதை எந்தப் பிளேயராலும் முழுமையாகத் திருப்பித் தர முடியாது.

“கசெற் எங்கே அக்கா?” என்று கேட்டேன். என் நெஞ்சு அடித்துக்கொண்டது.

“இனி இது தேவையில்லை, எறியுங்கோ எண்டு கடையில சொன்னவை. எனக்கு மனம் வரேல்லை” என்று கைப்பையிலிருந்து எடுத்தார். ஒரு கைக்குட்டையில் சுற்றியிருந்தது.

அயலில் ஒரு பழைய கசெற் பிளேயரை இரவல் வாங்கினோம். முதலில் கசெற்றின் மேல் விளிம்பில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்ரிக் நாக்குகளை உடைத்தோம்; அப்போதுதான் தவறுதலாக அதன் மேல் வேறெதுவும் பதிவாகாது. பிளேயரின் ஹெட்போன் துவாரத்திலிருந்து கணினியின் நீல நிறத் துவாரத்துக்கு வயர் கொடுத்தோம். இளஞ்சிவப்பு மைக்குக்கு உரியது. அது மெல்லிய ஒலியைப் பெரிதாக்கும் என்பதால் அதில் கொடுத்தால் ஒலி உடைந்துவிடும். முதலில் ஒரு நிமிடம் பரீட்சித்து, அலை பாதி உயரத்தைத் தாண்டாதபடி சத்தத்தைக் குறைத்தோம். அதன் பின்புதான் முழுவதையும் பதிந்தோம். எம்.பீ.3 ஆக அல்லாமல் ‘வேவ்’ வகையில் சேமித்தோம். ஒரு மணித்தியாலத்துக்கு 600 மெகாபைற்றுக்குச் சற்று மேல் இடம் பிடிக்கும். ஆனால் ஒலி குறையாது.

குரல் வந்தது. கசெற்றின் இயல்பான சீறல் பின்னால் இருந்தாலும் ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. சுகம் விசாரித்தார். கூரைக்குக் கிடுகு மாற்றியாச்சா என்று கேட்டார். மாமாவிடம் வாங்கிய கடனைப் பற்றிச் சொன்னார்.

மகள் மெதுவாகக் கேட்டாள்: “அம்மா, அப்பா இப்படி வேகமாவா கதைப்பார்? இல்லாட்டி ஸ்பீட் பிழையோ?”

அக்கா அழுகையோடு சிரித்தார். “இல்லையடி. அந்த மனுசன் எப்பவும் உப்பிடித்தான்.”

சகோதரிகளே, உங்களில் பலரிடமும் இப்படி ஒரு கசெற், ஒரு சீடி, பழைய தொலைபேசியில் ஒரு சில நிமிடக் குரல் இருக்கக்கூடும். பிரதி எடுத்த பிறகும் மூலத்தை எறியாதீர்கள். வெப்பமும் ஈரமும் படாமல் வையுங்கள். பிரதியை இரண்டு இடங்களில் வைத்து, ஒன்றை உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள். கடையில் கொடுத்தால் கூடவே இருந்து எடுப்பியுங்கள். உங்கள் வீட்டுக் கதை அவர்களின் கணினியில் தங்க வேண்டியதில்லை. யாராவது “பழுது, எறியுங்கோ” என்று சொன்னால், எது பழுது என்று திருப்பிக் கேளுங்கள்.

அந்த மகள் இப்போது சனிக்கிழமைகளில் எங்கள் நிலையத்துக்கு வருகிறாள். இதுவரை மூன்று பெண்களின் கசெற்றுகளை அவளே மாற்றிக் கொடுத்திருக்கிறாள்.