வாங்கிய பிறகு வரும் செலவு

ஒரு போர் விமானம் 30, 40 ஆண்டுகள் பணியில் இருக்கும். அத்தனை காலமும் அதைப் பறக்கும் நிலையில் வைத்திருக்க ஆகும் செலவு, பெரும்பாலும் வாங்கிய விலையைத் தாண்டிவிடுகிறது. அமெரிக்காவின் எஃப்-35 விமானங்களை ஆயுள் முழுவதும் இயக்கிப் பராமரிக்க 1.58 லட்சம் கோடி டாலர் ஆகும் என்று அந்நாட்டு அரசின் தணிக்கை அமைப்பு 2024இல் மதிப்பிட்டது.

தமிழ்நாட்டின் சூலூர் விமானப்படைத் தளத்துக்கு 2018இல் உள்நாட்டுப் போர் விமானமான தேஜஸ் வந்தது. தஞ்சாவூரில் 2020 ஜனவரியில் சுகோய்-30 போர் விமானப் படைப்பிரிவு தொடங்கப்பட்டது. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் செலவின் வேர் தெரியும்.

சுகோய்க்கு இரண்டு இன்ஜின்கள். குறிப்பிட்ட மணி நேரம் பறந்ததும் இன்ஜினைக் கழற்றி, பிரித்து, தேய்ந்த பாகங்களை மாற்ற வேண்டும்; சில ஓவர்ஹாலுக்குப் பின் இன்ஜினின் ஆயுளே முடிந்துவிடும். விமான உடலோ அதன் பிறகும் பறக்கும். அதனால்தான் 2024 செப்டம்பரில் 26,000 கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்து 240 புதிய இன்ஜின்களுக்கு அரசின் விமானத் தயாரிப்பு நிறுவனமான எச்.ஏ.எல். உடன் ஒப்பந்தமானது. அவை ஒடிசாவின் கோராபுட்டில் தயாராகின்றன. விமான உடலின் ஓவர்ஹால் நாசிக்கில் நடக்கிறது. உள்நாட்டில் செய்வதன் பெரிய லாபம் காலம். உதிரிபாகத்துக்காக மாதக்கணக்கில் தரையில் நிற்கும் விமானத்தால் நாட்டுக்குப் பயனில்லை, ஆனால் செலவு மட்டும் நிற்பதில்லை.

தேஜஸில் சிக்கனம் வரைபடத்திலேயே தொடங்கியது. ஒரே இன்ஜின், உடலின் வெளிப்பரப்பில் பெரும்பகுதி கார்பன் இழைக் கலவை. உலோகம்போல் அது துருப்பிடிக்காது, ஆணியடித்து இணைக்கும் துண்டுகளும் குறைவு. சுவீடனின் கிரிபென் இன்னும் ஒருபடி மேலே போனது: ஒரு தொழில்நுட்பரும் சில கட்டாயப்படை வீரர்களும் பத்து நிமிடத்தில் மறு பயணத்துக்குத் தயார் செய்யும்படி அதை வடிவமைத்தார்கள். ஆனால் தேஜஸின் இன்ஜின் அமெரிக்காவின் எஃப்-404. அது வரத் தாமதமானதால் தேஜஸின் மேம்பட்ட வகையான மார்க்-1ஏ தாமதமானது. வடிவமைப்பில் மிச்சம் பிடித்ததை இறக்குமதி விழுங்கிவிடக்கூடும்.

ஒப்பந்தம் எழுதும் முறையும் முக்கியம். 2016இல் இந்தியா 36 ரஃபேல் விமானங்களுக்கு ஒப்பந்தமிட்டபோது, குறைந்தது 75 சதவீத விமானங்கள் எப்போதும் பறக்கத் தயாராக இருக்க விற்றவரே பொறுப்பேற்றார். பாகம் பழுதானால் விற்பவருக்கு வருமானம் என்ற நிலை அங்கே தலைகீழாகிறது. செலவைக் குறைக்க இன்னொரு வழியும் உண்டு: பயிற்சியில் ஒரு பகுதியை சிமுலேட்டருக்கு மாற்றினால் இன்ஜின் மணிகளும் மிஞ்சும்.

உதிரிபாகங்களை உள்நாட்டிலேயே செய்யவும் வாய்ப்பு இருக்கிறது. 2019 ஜனவரியில் தொடங்கப்பட்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, ஓசூர், சேலம், கோயம்புத்தூர், திருச்சி ஆகிய ஊர்கள் உள்ளன. நுட்பமான உலோக வேலைக்குக் கோவைப் பட்டறைகளில் கைத்திறன் இருக்கிறது. ஆனால் விமானத்தில் பொருத்தும் சிறு பாகத்துக்கும் பறக்கும் தகுதிச் சான்று வேண்டும். அந்தச் சோதனைகளுக்குப் பணமும் ஆண்டுகளும் ஆகும். ஐம்பது, நூறு என்று வரும் ஆர்டரை நம்பி எந்தச் சிறு நிறுவனமும் அதில் இறங்காது. பல ஆண்டுத் தேவையை மொத்தமாக முன்கூட்டியே அறிவித்தால்தான் அந்தப் பாகங்கள் இங்கே தயாராகும்.