மழைத் தண்ணீரும் மூடாத டிரம்மும்



எங்கள் மடவார் வளாகம் வைத்தியநாத சுவாமி கோயில் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். பிரசவ வலியில் துடித்த ஒரு பெண்ணுக்கு, அவள் தாய் வந்து சேர முடியாததால், சிவபெருமானே தாய் உருவில் வந்து பிரசவம் பார்த்தாராம். அவள் தாகத்துக்கு விரல் நுனியால் பூமியைக் கீறித் தண்ணீர் வரவழைத்தாராம். அதுதான் காயக்குடி ஆறு என்பார்கள். சாமி விரலால் கீறினார், நல்ல தண்ணீர் வந்தது. நாங்கள் போர் போட்டோம், உப்புத் தண்ணீர் வந்தது! பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, குக்கருக்குள்ளே வெள்ளை வெள்ளையாகப் படியும்.

2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டிடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அவசரச் சட்டம் வந்தது நினைவிருக்கும். நாங்களும் மொட்டை மாடியிலிருந்து ஒரு குழாயை இறக்கி, காம்பவுண்டு ஓரம் குழி தோண்டி ஜல்லியைக் கொட்டினோம். அதோடு மறந்தும் போனோம். குழி மண் மூடி, அதன் மேல் துளசிச் செடி வைத்தது நான்தான். பேருக்குக் குழாய் இருந்தது, அவ்வளவுதான்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஐப்பசி மழையில், காசு கொடுத்து வாங்கிய தண்ணீர்க் குடங்களை நான் உள்ளே எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். என் மாமியார் திண்ணையில் உட்கார்ந்தபடி, "ஏம்மா, வானத்துல இருந்து சும்மா வாரதைச் சாக்கடைக்கு விட்டுட்டு, குடத்துக்குக் காசு குடுக்கியே?" என்றார். அந்தக் காலத்தில் அவர்கள் வெள்ளை வேட்டியின் நாலு முனையையும் கம்பத்தில் கட்டி, நடுவில் கல்லைப் போட்டு, கீழே அண்டா வைத்து மழை பிடிப்பார்களாம். எனக்குச் சுருக்கென்றது.

அன்று ராத்திரி என் பையனிடம் கணக்குப் போடச் சொன்னேன். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லி மீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். எங்கள் மாடி 500 சதுர அடி, அதாவது சுமார் 46 சதுர மீட்டர். பேப்பரில் '3 செ.மீ. மழை' என்று போடுகிறார்களே, அந்த ஒரு மழைக்கே 1,380 லிட்டர்! சிந்தியது, ஆவியானது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் எழுபது குடத்துக்கு மேல் வரும். கேட்டதும் தூக்கம் வரவில்லை.

மறுநாளே பழைய குழாயை 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்றுக்குத் திருப்பினோம். அவசரத்தில் மூடி வாங்கவில்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறதே, இதற்கு எதற்கு மூடி என்று இருந்துவிட்டேன். மூன்று வாரத்தில் என் பேத்திக்குக் காய்ச்சல். டெங்கு என்றார்கள். ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்க இறங்க, ஆஸ்பத்திரியில் ஆறு நாள் எப்படிப் போனது என்று சொல்லத் தெரியவில்லை. பிள்ளை பிழைத்து வந்தாள்.

கொசுப்புழு பார்க்க வந்த பெண் டிரம்முக்குள் டார்ச் அடித்துக் காட்டினாள். நெளிந்துகொண்டிருந்தன. டெங்கு கொசுவுக்குச் சாக்கடை பிடிக்காதாம், நல்ல தண்ணீர்தான் வேண்டுமாம். முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதுமாம். எனக்குப் புதிதாக இருந்தது இதுதான்: அது முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில் ஒட்டி வைக்கிறது. தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை போகாது. மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, மறுபடி தண்ணீர் பட்டால் பொரியும். அதனால் கொட்டினால் போதாது, நார் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

எங்க வீட்டுக்காரர் "மழைத்தண்ணியே வேண்டாம், டிரம்மைத் தூக்கிப் போடு" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் தப்பு மழையுடையது இல்லையே, மூடாத என்னுடையது.

இப்போது 2,000 லிட்டர் கறுப்புத் தொட்டி, இறுக்கமான மூடியோடு. வெளிச்சம் புகாததால் பாசி இல்லை. தண்ணீர் உள்ளே போகிற வாயிலும், நிரம்பி வழிகிற வாயிலும் நைலான் வலை கட்டியிருக்கிறேன். இந்த வழிகிற வாயைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். புரட்டாசி பிறந்ததும் மாடியைப் பெருக்கிக் கழுவிவிடுவேன். முதல் மழையில் தூசியும் காக்கை எச்சமும் வரும், அதனால் கால் மணி நேரத் தண்ணீரை வெளியே விட ஒரு திருகு மூடி உண்டு. அப்புறம் கூழாங்கல், அடுப்புக்கரி, மணல் அடுக்கிய வாளி வழியாகத்தான் தொட்டிக்குப் போகும். மணலை வருஷம் ஒரு தடவை மாற்றுவேன். தொட்டி வழிந்தால் மிச்சம் பழைய குழிக்கு. துளசிக்கு வேறு இடம் பார்த்தாச்சு.

இந்தத் தண்ணீரில் துவரம்பருப்பு வைத்துப் பாருங்கள், சீக்கிரமே குழைந்துவிடும். உப்புத் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்துதான் பருப்பை வேகவிடாமல் இறுக்குகிறது. குடிக்க மட்டும் கொதிக்க வைத்துத்தான் கொடுக்கிறேன், அதில் சமரசமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தோறும் மூடியையும் வலையையும் டார்ச் அடித்துப் பார்ப்பது என் வேலை. டார்ச்சைப் பிடிப்பது பேத்தி.

- ஒரு வாசகி, மடவார் வளாகம், ஸ்ரீவில்லிபுத்தூர்