போட்டோ ரெண்டு இடத்தில் இருக்கட்டும்!

காதுகுத்து, பிறந்த நாள் போட்டோக்களால் வீட்டுக் கம்ப்யூட்டர் நிரம்பிவிட்டதா? தனியாக ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் இதைப் படியுங்கள்.

எங்கள் பக்கத்து வீட்டு அக்கா 1 டி.பி. டிஸ்க் வாங்கி, மகளின் கல்யாணப் போட்டோ, வீடியோ அத்தனையையும் அதில் ஏற்றினார். இடம் மிச்சமாகட்டும் என்று கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்தும் விட்டார். ஒருநாள் பேரன் வயரைப் பிடித்து இழுக்க, டிஸ்க் தரையில் விழுந்தது. அவ்வளவுதான், ஒரு படம்கூடத் திறக்கவில்லை!

இந்த மாதிரி டிஸ்க்குகளில் பெரும்பாலும் உள்ளே ஒரு தட்டு நிமிஷத்துக்கு 5400 சுற்று சுற்றுகிறது. ஓடும்போது அடிபட்டால் தாங்காது. சுற்றும் தட்டு இல்லாத எஸ்.எஸ்.டி. கீழே விழுந்தாலும் ஓரளவு தாங்கும், விலைதான் கூடுதல். எதை வாங்கினாலும் கம்ப்யூட்டரிலோ, இன்னொரு டிஸ்க்கிலோ மறுபிரதி அவசியம். வயரைப் பிடுங்கும் முன் 'இஜெக்ட்' கொடுக்க மறக்காதீர்கள்.

1 டி.பி. டிஸ்க்கை விண்டோஸ் கம்ப்யூட்டரில் மாட்டினால் 931 ஜி.பி. என்றுதான் காட்டும். கணக்கிடும் முறை வேறு, கடைக்காரர் ஏமாற்றவில்லை. ஆனால் ஆயிரம், ரெண்டாயிரம் ரூபாய்க்கு 16 டி.பி. என்றால் நம்பாதீர்கள். உள்ளே சின்ன மெமரியை வைத்து, பெரிய அளவாகக் காட்டும்படி செய்திருப்பார்கள். அது நிரம்பிய பிறகு ஏற்றும் படங்கள் வீணாகிவிடும்.

பில், வாரண்டி கார்டு கேட்டு வாங்குங்கள். பழுதானால் வாரண்டியில் மாற்று டிஸ்க் கிடைக்கலாம். போன போட்டோ கிடைக்காது.

- ஒரு வாசகி, கரூர்.