பேப்பர் போடுறதுக்கு முன்னாடி பேடன்ட்! - ஆராய்ச்சி மாணவர்கள் கவனத்துக்கு...

ராத்திரி பகலா லேப்ல உட்கார்ந்து புதுசா ஒண்ணைக் கண்டுபிடிச்சாச்சு. அடுத்து என்ன தோணும்? `உடனே ஒரு பேப்பர் போட்டுடணும்!' கொஞ்சம் பொறுங்க பாஸ். இந்த அவசரத்தால் காப்புரிமை, அதாவது பேடன்ட் வாங்கும் வாய்ப்பே கைநழுவிப் போகலாம்.

பேடன்ட்டுக்கு முதல் நிபந்தனை, புதுமை. விண்ணப்பிக்கும் நாளுக்கு முன்பே அந்த விஷயம் வெளியாகியிருந்தால், சட்டத்தின் பார்வையில் அது புதுசு இல்லை. வெளியிட்டது நீங்களே என்றாலும்தான்! கருத்தரங்க போஸ்டர், நூலகத்தில் வைத்த தீசிஸ், இன்ஸ்டா ரீல் எல்லாமே இந்தக் கணக்கில் வரலாம். இந்தியாவில் சில சூழல்களுக்கு மட்டும் 12 மாத அவகாசம் உண்டு. ஐரோப்பாவில் ரூல்ஸ் இன்னும் கறார்.

அப்போ பேப்பரே போடக் கூடாதா?

தாராளமா போடலாம். வரிசைதான் முக்கியம். முதலில் `புரொவிஷனல்' விண்ணப்பம் போட்டு, தேதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். கண்டுபிடிப்பு முழுமையாகத் தயாராகாவிட்டாலும் இதைப் போடலாம். அதிலிருந்து 12 மாதங்களுக்குள் முழு விவரங்களைத் தாக்கல் செய்ய வேண்டும். 2021-ல் கல்வி நிறுவனங்களுக்கான கட்டணம் 80 சதவிகிதம் குறைக்கப்பட்டது. எல்லாமே ஆன்லைனில் முடியும். சென்னை கிண்டியிலும் பேடன்ட் அலுவலகம் இருக்கிறது.

ஒரு விஷயம்... வெறும் கம்ப்யூட்டர் புரோகிராமுக்கோ, கணித முறைக்கோ இந்தியாவில் பேடன்ட் கிடையாது.

யார் உதவுவாங்க?

பல பல்கலைக்கழகங்களில் `ஐ.பி.ஆர் செல்' என்று ஒரு பிரிவு இருக்கும். இதே மாதிரி ஏற்கெனவே யாராவது செய்திருக்கிறார்களா, உரிமை யாருக்கு, எந்த நிறுவனம் வாங்கும்... இதையெல்லாம் பார்ப்பது அவர்கள் வேலை. பெரும்பாலும் உரிமையாளர் பல்கலைக்கழகமாகவும், கண்டுபிடிப்பாளர் நீங்களாகவும் இருப்பீர்கள். வருமானத்தில் உங்கள் பங்கு எவ்வளவு என்பதை உங்கள் கல்லூரியின் விதிகளில் முதலிலேயே படித்துவிடுங்கள்.

இதில் எவ்வளவு பணம் இருக்கு என்று பார்க்க, கூகுளே உதாரணம். லாரி பேஜ் மாணவராக இருந்தபோது உருவாக்கிய `பேஜ்ரேங்க்' பேடன்ட்டின் உரிமையாளர், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம். அதை கூகுளுக்கு லைசென்ஸ் கொடுத்து, பதிலுக்குப் பங்குகளை வாங்கியது. அந்தப் பங்குகளை விற்றதில் பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்தது சுமார் 33.6 கோடி டாலர்!

பேடன்ட் கிடைச்சா பணமா?

அதான் இல்லை. பேடன்ட்டின் ஆயுள் 20 வருடம். அதை உயிரோடு வைத்திருக்க, புதுப்பிப்புக் கட்டணம் கட்ட வேண்டும். வாங்க ஆள் இல்லையென்றால், அது ஃபிரேம் போட்ட சர்ட்டிஃபிகேட் மட்டும்தான். `இதை யார் காசு கொடுத்து வாங்குவாங்க, இப்போ அவங்க எதை வெச்சு சமாளிக்கிறாங்க, செய்ய எவ்வளவு செலவாகும்?' இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் எழுதிப் பாருங்கள்.

அடுத்த கருத்தரங்குக்கு அப்ஸ்ட்ராக்ட் அனுப்பப் போறீங்களா? `சென்ட்' பட்டனைத் தட்டும் முன், தேதி போட்ட லேப் நோட்டோடு ஐ.பி.ஆர் செல்லுக்கு ஒரு நடை போய்ட்டு வந்துடுங்க!