வன்னியின் ஏடுகள் இருக்கும் இடம்

கண்டி வீதியில் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடையே, முல்லைத்தீவுத் தெரு பிரியும் சந்தியில் அமைந்த மாங்குளம், 1905ஆம் ஆண்டில் வடபகுதிப் புகையிரதப் பாதை திறக்கப்பட்ட காலந்தொட்டு வன்னிப் பெருநிலத்தின் ஒரு வாயிலாக இருந்துவந்துள்ளது. இவ்வூரிலோ இதைச் சூழ்ந்த காட்டுக் கிராமங்களிலோ பிறந்த ஒருவர், தம் முன்னோர் எந்தக் குளத்தின் கீழ் வயல் செய்தனர், யாருக்கு இறை இறுத்தனர், எந்தக் காலத்தில் காய்ச்சல் வந்து ஊர் பாழடைந்தது என்னும் விஷயங்களை எழுத்து மூலமாக அறிய விரும்புவாராயின், அவருக்கு உதவும் ஏடுகள் இருக்கவே செய்கின்றன. ஆனால் அவற்றுள் மிகப் பெரும் பங்கு மாங்குளத்திலும் இல்லை, முல்லைத்தீவிலும் இல்லை, வவுனியாவிலும் இல்லை. கொழும்பிலும் ஹேக் நகரத்திலும் லண்டனிலும் அவை பத்திரமாக இருக்கின்றன. ஒரு நாட்டுப்புறத்தின் எழுத்துச் செல்வம் அதன் எல்லைக்கு வெளியே போய்ச் சேர்ந்த இந்த வரலாறு, அப்புறத்தார் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய ஒன்று என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

இதற்கு முதற் காரணம், வன்னி பலருடைய ஆட்சிக் கணக்குகளில் பலவிதமாகப் பகுக்கப்பட்டமையே. ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபோது பனங்காமம், கரிக்கட்டுமூலை, முள்ளியவளை, மேல்பற்று, கருநாவல்பற்று முதலிய வன்னிப் பற்றுகள் அவர்களுடைய யாழ்ப்பாணக் கொம்மாந்தரின் மேற்பார்வைக்குள் வந்தன. ஆங்கிலேயர் 1833இல் வட மாகாணத்தை வகுத்தபோது அதன் தலைநகரும் யாழ்ப்பாணமே ஆயிற்று. பிற்காலத்தில் 1978ஆம் ஆண்டில் முல்லைத்தீவும், 1984ஆம் ஆண்டில் கிளிநொச்சியும் தனி மாவட்டங்களாயின. எல்லை மாறுந்தோறும் கோவைகளும் ஒரு கச்சேரியிலிருந்து இன்னொரு கச்சேரிக்குப் பங்கிடப்பட்டன. ஆதலின் ஒரே குளத்தைப் பற்றிய கடிதங்களையும் பல கந்தோர்களின் கோவைகளில் தேட வேண்டியதாயிற்று.

கொழும்பில் உள்ளவற்றை முதலிற் பார்ப்போம். இலங்கையின் அரசாங்க ஏடுகளைக் காப்பதற்கென 1902ஆம் ஆண்டில் சுவடிப் பொறுப்பாளராக நியமிக்கப்பட்ட ஆர். ஜி. அந்தோனிஸ், ஒல்லாந்தர் விட்டுச்சென்ற ஏட்டுக் குவியல்களை ஒழுங்குபடுத்தி, அவற்றின் நிலையை விளக்கும் ஓர் அறிக்கையை 1907இல் வெளியிட்டார். பின்னர் ஒல்லாந்து தேசத்திலிருந்து வந்த யூரியான்ஸ என்னும் சுவடியியல் அறிஞர், 1640 முதல் 1796 வரையுள்ள அவ்வேடுகளுக்கு ஒரு விரிவான அட்டவணையை ஆக்கி 1943இல் அச்சிற் கொணர்ந்தார். இன்று தேசிய சுவடிக்கூடம் என வழங்கும் அந்த ஸ்தாபனம், 1973ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டத்தின்படி இயங்குவது. அதன் ஒல்லாந்தர் பகுதியில் ஏறத்தாழ 7,000 தொகுதிகள் இருக்கின்றன. ஹேக், ஜகார்த்தா, கேப்டவுன், சென்னை ஆகிய நகரங்களிற் சிதறியிருக்கும் ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனி ஏடுகளோடு சேர்த்து இவையும் 2003ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன.

இவ்வேடுகளின் தன்மையைச் சற்று நெருங்கி நோக்குவது தகும். அக்காலத்துக் காகிதம் மரக்கூழினால் ஆனதன்று. பழந்துணியை ஊறவைத்து அரைத்துச் செய்தது. ஆகையால் முந்நூறு ஆண்டு கடந்தும் அது நொறுங்காமல் நிற்கிறது. அதற்குப் பகையாய் வாய்த்தது அதன்மேல் எழுதிய மையே. கடுக்காயைப் போன்று துவர்ப்புடைய ஒருவகை மரக்கழலையின் சாறும் இரும்பு உப்பும் கூட்டிக் காய்ச்சிய அந்த மை, எழுதியபோது கறுத்து, ஆண்டுகள் செல்லச்செல்லச் செம்பழுப்பாகி, அதிலுள்ள அமிலத்தால் தான் இருந்த தாளையே அரித்துவிடுகிறது. எழுத்து அழுத்தமாக விழுந்த இடங்களில் தாள் ஓட்டை விழுந்து, எழுத்தின் வடிவிலேயே வெளி தெரியும். ஈரமும் வெப்பமும் மிகுந்த நம் தேசத்தில் இந்த அரிப்பு இன்னும் விரைவாக நடப்பது. படியெடுக்கும் வேலையைத் தள்ளிவைக்கும் ஒவ்வோர் ஆண்டும் சில சொற்களையாவது நாம் இழந்துகொண்டிருக்கிறோம் என்பதை மறத்தலாகாது.

அச்சொற்கள் வன்னியைப் பற்றிப் பெரும்பாலும் பேசுவது யானையைக் குறித்தே. வன்னியர் தம் பற்றுகளை ஆளும் உரிமைக்குத் திறையாக ஆண்டுதோறும் யானைகளைக் கொடுக்க வேண்டியிருந்தது. அவை குடாநாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு, கோல்கொண்டாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த வணிகருக்கு விற்கப்பட்டன. யாழ்ப்பாணக் கொம்மாந்தராயிருந்த ஸ்வார்தெக்ரூன் 1697இல் தம்மை அடுத்து வருவோருக்கென எழுதிவைத்த நீண்ட குறிப்பை, சுவடிக்கூடத்தில் மொழிபெயர்ப்பாளராயிருந்த சோபியா பீற்றர்ஸ் அம்மையார் ஆங்கிலத்தில் ஆக்கினார். அது 1911இல் அச்சாயிற்று. கம்பனிக்கு வரவேண்டிய யானைகளைப் பற்றிய கவலை அதிலே வெளிப்படையாகத் தெரிகிறது. எனினும் காட்டுக்குள் புகுந்து அந்த யானையைப் பிடித்துக்கொடுத்த பணிக்கர் எப்படி வாழ்ந்தனர் என்பதைக் கொம்மாந்தரின் எழுத்தில் தேடுவது வீண்.

அதற்கு வன்னி மக்களின் வாய்மொழியையே நாட வேண்டும். வேலப்பணிக்கன் ஒப்பாரி என்று வழங்கும் கதைப்பாட்டில், ஆடவர் கட்ட முடியாத யானையை அரியாத்தை என்னும் பெண் கட்டிக் கொணர்கிறாள். பின்பு பிறர் பொறாமைக்கு இரையாகி உயிர் துறக்கிறாள். அவள் கணவன் வேலப்பணிக்கன் புலம்புகிறான். கம்பனியின் கணக்கில் ஓர் உருப்படியாக நின்ற யானை, இப்பாட்டில் ஒரு குடும்பத்தின் பெருமையும் அழிவுமாக நிற்கிறது. இவ்விரண்டையும் பக்கத்திற் பக்கம் வைத்துப் படிப்பவருக்கே அக்காலத்து வன்னி முழுமையாகப் புலப்படும். ஆகவே பிரதேசச் சுவடிக்கூடம் என்று நாம் ஒன்றைச் சொல்லும்போது, கந்தோர்க் காகிதத்தை மாத்திரம் கருதாமல், முள்ளியவளையின் கோவலன் கூத்தையும், அரிவி வெட்டுவோர் பாடிய சிந்தையும், இந்த ஒப்பாரியையும் அதற்குள் அடக்கியே கருதுதல் வேண்டும்.

1780களில் ஒல்லாந்தர் படையெடுத்து வன்னியைத் தம் நேராட்சிக்குள் கொண்டுவந்த பின், அதை நிருவகித்த தோமஸ் நாகெல் 1793இல் அந்நாட்டைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அடுத்து வந்த ஆங்கிலேயரின் எழுத்துக்குக் கல்லிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில், வன்னித் தலைவனான பண்டாரவன்னியனை 1803ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆம் திகதி வொன் டிறிபேர்க் என்னும் படைத்தலைவர் தோற்கடித்தார் என்று பொறித்த நினைவுக்கல் ஒன்று நாட்டப்பட்டது. வென்றவரின் பெயரை நிலைநிறுத்த நாட்டிய அந்தக் கல்லை, தோற்றவனுடைய வீரத்தின் அடையாளமாகவே வன்னி மக்கள் போற்றி வந்திருக்கின்றனர்.

ஆங்கிலேயர் காலத்து ஏடுகளில் மிகப் பயனுடையவை அரசாங்க அதிபர்களும் உதவி அரசாங்க அதிபர்களும் எழுதிய நாட்குறிப்புகள். அவை அந்தரங்க டயறிகள் அல்ல. மேலிடத்துக்கு அனுப்பவேண்டிய உத்தியோகக் கடமை. எங்கே தங்கினார், எந்தக் குளத்தின் கட்டு உடைந்திருந்தது, விதானையார் மீது யார் முறையிட்டார் என்பவற்றை அன்றன்று எழுதுவர். அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனாட் வுல்ஃப் 1908 முதல் 1911 வரை எழுதிய குறிப்புகள் நூலாக வெளிவந்திருப்பதால் இவ்வகை எழுத்தின் சுவையை எவரும் அறியலாம். வன்னியில் இருந்தவர்களின் குறிப்புகளுக்கும் அத்தகைய பதிப்பு வேண்டும்.

வன்னிக்கு வாய்த்த பெரும் பேறு, ஜே. பி. லூயிஸ் என்னும் சிவில் உத்தியோகத்தர் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்களின் கைந்நூல். கச்சேரிக் கோவைகளையும் ஒல்லாந்தர் குறிப்புகளையும் ஊர்ப் பெரியோரின் சொற்களையும் ஒன்றுதிரட்டி, சரித்திரம், குடித்தொகை, குளங்கள், காணியாட்சி, வேளாண்மை, வழக்கங்கள் என அவர் விரித்த அந்நூலில், பிற்காலத்திற் சிதைந்த பல செய்திகள் தப்பிப் பிழைத்திருக்கின்றன. ஆளவந்த அதிகாரியின் கண்கொண்டே அவர் பார்த்தார் என்பது மெய்தான். ஆயினும் சின்னஞ்சிறு குளத்தின் பெயரையும் விடாது குறித்த அந்த உழைப்பை நான் நன்றியோடு நினைக்கிறேன். அந்நூல் 1993இல் புதுடில்லியில் மறுபதிப்பும் பெற்றது. சி. எஸ். நவரத்தினம் 1960இல் வெளியிட்ட வன்னியர் பற்றிய ஆங்கில நூலும், சி. பத்மநாதனின் ஆராய்ச்சிகளும், முல்லைமணி வே. சுப்பிரமணியத்தின் எழுத்துகளும் அதன் பின் வந்த படிகள்.

வெளியே போனவை தப்பின; உள்ளே இருந்தவை அழிந்தன என்பதே இவ்வரலாற்றின் கொடிய பகுதி. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி இரவு தீயிடப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அதன் பின் 2009 வரை நீடித்த போரில் வன்னி மக்கள் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தபோது, வீட்டுப் பரணில் மஞ்சள் பூசிக் கட்டிவைத்த ஏட்டுச்சுவடிகளும், கோயிற் கணக்குகளும், பள்ளிக்கூடப் பதிவுகளும், பரியாரிமாரின் வாகடங்களும் போன வழி தெரியாமற் போயின. மறுபுறத்தில், ஹியூ நெவில் என்னும் ஆங்கிலேய உத்தியோகத்தர் இலங்கையெங்கும் திரட்டிய ஈராயிரத்துக்கு மேற்பட்ட சுவடிகள் 1904ஆம் ஆண்டு முதல் லண்டனில் இருக்கின்றன. கொண்டுபோனமையைக் குறித்து வருந்தலாம். இருக்கின்றன என்பதில் ஆறுதலும் கொள்ளலாம்.

இழப்பின் பின் நம்மவர் கையாண்ட உபாயமே 2005ஆம் ஆண்டில் தொடங்கிய நூலகம் என்னும் மின்சுவடி முயற்சி. நூல், பத்திரிகை, சஞ்சிகை, பாடசாலை மலர், கல்வெட்டு என்று ஈழத்தில் வழங்கும் அந்தியேட்டி நினைவு வெளியீடு ஆகியவற்றை ஒளிப்படமாக்கி எல்லார்க்கும் இலவசமாக வழங்கும் இம்முயற்சியில், வன்னியின் ஒரு சிறு கிராமத்துப் பாடசாலை மலரும் கொழும்பில் அச்சான பெரிய கிரந்தமும் ஒரே மதிப்போடு வைக்கப்படுகின்றன.

இனி எஞ்சியிருப்பது வீடுகளில் உள்ளது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தின்கீழ்க் குடியேற்றத் திட்டங்களில் வழங்கிய பெமிற்றையும், உறுதியையும், பிறப்பத்திரத்தையும் ஒரு பொலித்தீன் பையிற் சுற்றி, இடம்பெயர்ந்த இடமெல்லாம் கொண்டுதிரிந்த குடும்பங்கள் வன்னியில் அநேகம். ஒரு பெமிற்றில் குடியேறியவரின் பெயர், காணித்துண்டின் இலக்கம், பரப்பு, பின்னுரித்தாளியின் பெயர் யாவும் இருக்கும். ஒரு குடியேற்றத்தின் நூறு பெமிற்றுகளைச் சேர்த்துப் படித்தால் அவ்வூர் உண்டான விதமே தெரிந்துவிடும். அவற்றை உரியவரிடமிருந்து வாங்கி வைக்க வேண்டியதில்லை. அவர் முன்னிலையிலேயே படமெடுத்து, ஊர்ப் பெயரும் குளத்தின் பெயரும் குறித்து, அவர் சம்மதித்த அளவுக்குப் பிறர் பார்க்கத் தந்தாற் போதும். 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாவின் மாணவரில் இருவர் மூவராவது பழைய டச்சு மொழியைக் கற்று, யூரியான்ஸவின் அட்டவணையைத் துணையாகக்கொண்டு கொழும்பில் வன்னிப் பக்கங்களைப் பிரித்தெடுக்க, ஏனையோர் தத்தம் ஊரில் இந்தப் பொலித்தீன் பைகளையும் முதியோரின் பாட்டுகளையும் பதிவுசெய்வார்களாயின், அவ்விரண்டையும் ஒரே அட்டவணையிற் சேர்க்கும் வேலையை அந்தப் பல்கலைக்கழக நூலகமே ஏற்கலாம்.