மலையும் மேகமும் மழையும்

ஆனி, ஆடி மாதங்களில் பதுளைக் கோச்சியில் போனவர்களுக்கு இது தெரியும். அட்டன், நானுஓயா பக்கம் மழை கொட்டும். பட்டிப்பொல தாண்டிச் சுரங்கத்துக்குள் புகுந்து வெளியே வந்தால் பல நாளில் சுள்ளென்று வெயில். "ஒரே மலைதானுங்களே, அந்தப் பக்கம் மட்டும் ஏன் மழையில்ல?" என்று பல பேர் எங்களிடம் கேட்டிருக்கிறார்கள்.

காரணம் மலைதான். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வருகிறது. மலை குறுக்கே நிற்பதால் காற்று மேலே ஏறித்தான் ஆகவேண்டும். மேலே போகப்போக அமுக்கம் குறைந்து காற்று விரியும், விரிந்தால் குளிரும். சைக்கிள் டியூபில் காற்றைத் திறந்துவிட்டு விரலை வைத்துப் பாருங்கள், சில்லென்று இருக்கும். மேகம் கட்டும் வரை 100 மீற்றருக்குச் சுமார் 1 பாகை குறையும். குளிர்ந்த காற்றில் ஈரமெல்லாம் ஆவியாக நிற்காது, நுண்ணிய துளிகளாகிவிடும். காலையில் பிரட்டுக் களத்தில் வாயைத் திறந்தால் புகை வருகிறதே, அதே சங்கதிதான். அந்தத் துளிக்கூட்டமே மேகம். கொழுந்து மலையில் நம்மை மூடுகிற பனிமூட்டமும் மேகந்தான்.

இதனால்தான் வட்டவளையில் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. ஈரத்தை இங்கே கொட்டிவிட்ட காற்று, மறுபக்கம் இறங்கும்போது சூடேறி ஊவாவுக்கு வறண்ட காற்றாகப் போகிறது. ஊவாத் தேயிலையின் தனி வாசனைக்கும் இந்தக் காற்றே காரணம். மார்கழி, தையில் வடகீழ்ப் பருவக்காற்று வந்தால் எல்லாம் தலைகீழ். ஊவாவில் மழை, டிம்புள்ளப் பக்கம் வெயில்.

இதை ஏன் சொல்கிறோம்? மலை நகராது. காற்று வீசும் மட்டும் மேகம் அதே சரிவில் திரும்பத் திரும்பக் கட்டும், மழையும் அங்கேயே விழும். மண் ஊறிப் பாரமாகிவிடும். 2014 ஒக்டோபர் 29 காலை, தொடர் மழைக்குப் பிறகு, கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. அது ஆபத்தான இடம் என்று முன்பே சொல்லப்பட்டிருந்தது. ஆனாலும் குடும்பங்கள் அங்கேயே இருந்தன.

ஆகவே மழை விடாமல் பெய்தால் லயத்துக்கு மேலேயுள்ள சரிவைக் கவனியுங்கள். நிலத்திலோ சுவரிலோ புது வெடிப்பு, சாய்ந்த மரம், பீலித் தண்ணீர் திடீரெனக் கலங்குவது அல்லது நின்றுபோவது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பிள்ளைகளையும் வயசானவர்களையும் கூட்டிக்கொண்டு வெளியேறுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சிவப்பு எச்சரிக்கை விட்டாலும் அப்படியே. சாமான் சட்டியைப் பிறகு பார்க்கலாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. யாராவது வந்து சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.